கீழ் ரோட்டில் ஓடாத மூன்று மாதம்

தொலைபேசியில் பேசுகிறவர்கள் என்னை "சேர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். வங்கியிலிருந்து எடுப்பவர், பிள்ளைகளின் அப்பாமார், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், எல்லாரும் அப்படித்தான். முன்பெல்லாம் "நான் சேர் இல்லீங்க, டீச்சர்" என்று திருத்துவேன். அந்தப் பக்கம் ஒரு மன்னிப்பு, பிறகு பழக்கதோஷத்தில் இன்னொரு சேர். இப்போது திருத்துவதில்லை. சேராகவே பேசி வேலையை முடித்துக்கொள்கிறேன். சில இடங்களில் வேலை சீக்கிரமும் நடக்கிறது, பொய் சொல்வானேன்.

இது என் பிறவிக் குரல் இல்லை. பத்தொன்பது வயதில் நான் விழுங்கிய மாத்திரைகள் கொடுத்துவிட்டுப் போன குரல். அவை குரலோடு நிறுத்திக்கொண்டதற்குக் காரணம் எங்கள் லயத்துக் கடைசிக் காம்பராவில் குடியிருக்கும் ஓர் அத்தை. அவர் என்னைப் பற்றி ஒரு கதை கட்டிவிட்டார். கதை தப்பு. ஆனால் அந்தத் தப்பான கதையால்தான் இன்றைக்கு என் ஈரல் ஒழுங்காக வேலை செய்கிறது, எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். இது வெகுகாலம் அத்தைக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டது நானும் அம்மாவும். ஒரு நன்றியைச் சொல்ல எனக்குப் பதினாறு வருடம் பிடித்தது. அந்த வெட்கத்தையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஹட்டனில் பஸ் ஏறி, டிக்கோயாவைத் தாண்டி இறங்கி, பிறகு முக்கால் மணி நேரம் நடந்தால் எங்கள் தேயிலைத் தோட்டம். லயம் என்பது தொழிலாளர்களின் வரிசை வீடு, ஒரே கூரைக்குக் கீழே பன்னிரண்டு காம்பரா, குடும்பத்துக்கு ஒன்று. ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் பன்னிரண்டு வீட்டிலும் தும்முவார்கள். ரகசியம் என்ற சாமானை அங்கே வைப்பதற்கு இடமே கிடையாது. அப்பா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா மலையில் கொழுந்து பறித்து என்னை வளர்த்தாள். அவளுக்கு ஒரே ஆசை, நான் கூடையைத் தலையில் மாட்டக் கூடாது என்பது.

எனக்குப் படிப்பு சுமார்தான். ஓட்டம் நன்றாக வந்தது. பள்ளிக்கூடத்துப் பஸ்ஸை விட்டுவிட்டு ஓடிப் பழகிய கால்கள், அதனால் ஏற்றம் இறக்கம் எல்லாம் ஒன்றுதான். ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் மாவட்டத்தில் ஜெயித்தேன், மாகாணத்தில் மூன்றாவதாக வந்தேன். கொழும்பில் நடக்கும் தேர்வு ஓட்டத்தில் நல்ல நேரம் ஓடினால், விளையாட்டுக்காரியாகவே எங்காவது நிரந்தர வேலை கிடைக்கும் என்றார்கள். அம்மா அதைக் கேட்ட நாளிலிருந்து என் சப்பாத்தைத் தன் கையால் கழுவிக் காயவைக்க ஆரம்பித்தாள்.

விடிந்தும் விடியாமலும் பயிற்சிக்குக் கிளம்புவேன். லயத்தின் கடைசியில் பாதை இரண்டாகப் பிரியும். மேல் ரோடு மாரியம்மன் கோயில் வாசலைத் தொட்டுக்கொண்டு போகும். நல்ல ரோடு, காலுக்கு இதமாக இருக்கும். கீழ் ரோடு தேயிலை அரைக்கிற ஸ்டோர் பக்கமாக இறங்கும். சேறு, வழுக்கல், அதைவிட அட்டை. ஒரு தடவை ஓடிவிட்டு வந்தால் இரண்டு காலிலும் ரத்தம் வழியும். மனமறிந்து யாரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். நான் மாதத்தில் நாலு நாள் போவேன். வீட்டுக்குத் தூரமான நாட்களில் பெண்பிள்ளைகள் கோயில் வாசலைக் கடக்கக் கூடாது என்பது எங்கள் தோட்டத்து வழக்கம். ஓடித்தானே கடக்கிறேன், நிற்கவா போகிறேன் என்று ஒரு தடவை அம்மாவிடம் வாதாடினேன். "ஓடினாலும் ஆத்தா கண்ணுக்குத் தெரியும்டி" என்று சொல்லிவிட்டாள். ஆகவே மாதம் நாலு நாள் அட்டைகளுக்கு விருந்து.

பாதை பிரிகிற அந்த முனையில்தான் கடைசிக் காம்பரா. அத்தைக்கு மலையில் வழுக்கி விழுந்து இடுப்பு போனதிலிருந்து வேலை இல்லை. விடியற்காலையிலேயே கதவைத் திறந்து, வாசற்படியில் சாக்கைப் போட்டு, தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்துவிடுவார். எனக்கு உறவு இல்லை, லயத்தில் எல்லாருக்கும் அவர் அத்தைதான். யார் எந்தப் பஸ்ஸில் போனார்கள், யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், எல்லாக் கணக்கும் அந்த வாசற்படியில் இருக்கும். மத்தியானம் பீலியில், அதாவது நாங்கள் தண்ணி எடுத்துத் துணி துவைக்கிற குழாயடியில், அந்தக் கணக்கை எல்லாருக்கும் ஒப்பிப்பார். பதினைந்து வயதில் நான் பள்ளிக்கூடம் கட் அடித்துவிட்டு ஹட்டன் கடைத்தெருவில் ஐஸ்கிரீம் சாப்பிட்டதை அம்மாவுக்குச் சொன்னவர் அவர்தான். அவரைக் கண்டால் எனக்கு ஆகாது. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் ஓடுவேன்.

எனக்குப் பயிற்சி கொடுத்த அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் நன்றாக ஓடியவர். டவுனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் சின்னதாக ஒரு ஜிம் நடத்தினார். தேர்வு ஓட்டத்துக்கு ஐந்து மாதம் இருக்கும்போது, ஒரு காகித உறையில் சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகளைக் கொடுத்தார்.

"வைட்டமின் மாதிரிதான். காலையில ஒண்ணு, ராவைக்கு ஒண்ணு. நானும் போடுறேன். ஒடம்பு அலுக்காது தங்கச்சி" என்றார்.

இன்றைக்கு என்னிடம் ஓடப் பழகுகிற பிள்ளைகள் கேட்கிறார்கள், பெயர் இல்லாத மாத்திரையை எப்படி மிஸ் வாயில் போட்டீர்கள் என்று. எங்கள் லயத்தில் வளர்ந்திருந்தால் கேட்க மாட்டார்கள். விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள்கணக்கு எடுக்கிற இடத்துக்கு, போகிற பெண்கள் பாதிப் பேர், தேத்தண்ணியோடு ஒரு வலி மாத்திரையையும் முழுங்கிவிட்டுத்தான் போவார்கள். இல்லாவிட்டால் முதுகு நிமிராது, கொழுந்து நிறையாது, அன்றைக்குப் பேர் விழாது, முழுச் சம்பளம் கிடைக்காது. அம்மாவும் அப்படித்தான். உழைக்கிற உடம்புக்கு மாத்திரை போடுவது எங்கள் கண்ணுக்குக் கள்ளத்தனமாகத் தெரிந்ததே இல்லை. அதோடு இன்னொரு பழக்கம். ஒரு வீட்டில் ஒரு மருந்து நன்றாகக் கேட்டால் அது பக்கத்து வீட்டுக்கும் போகும், கறிவேப்பிலை போவது மாதிரி. நானும் அந்த வழக்கப்படி உறையிலிருந்து பத்து மாத்திரையை எடுத்து அம்மாவின் முழங்கால் வலிக்குக் கொடுத்தேன். இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை நான் என் வாழ்க்கையில் செய்ததில்லை. அம்மா வாய் நிறைய மெச்சினாள். "கை நல்லா ஓடுது புள்ள" என்றாள்.

கால்களும் ஓடின. அதை மறைக்க முடியாது. முதல் இரண்டு மாதம் என் வாழ்க்கையில் அப்படி ஓடியதில்லை. ஏற்றத்தில் மூச்சு வாங்கவில்லை. அண்ணன் கையில் இருந்த ஸ்டாப்வாட்சைப் பார்த்துவிட்டு அதைத் தட்டிப் பார்த்தார், கெட்டுவிட்டதோ என்று. தோளும் தொடையும் இறுகின. சாமி கொடுத்த பலம் என்று நினைத்தேன்.

பிறகு மற்றவை வந்தன. முகமெல்லாம் பரு. தாடையில் நாலைந்து கறுத்த முடி. கோபம் எனக்கு எப்போதும் உண்டு, ஆனால் இது வேறு மாதிரி. சோற்றில் உப்புக் குறைந்ததற்குத் தட்டைத் தூக்கி எறிந்தேன், அம்மா குனிந்து பருக்கைகளைப் பொறுக்கினாள். வெள்ளிக்கிழமை பஜனையில் மேல் சுரத்துக்கு நான்தான் முன்னால் நிற்பேன். ஒரு வெள்ளிக்கிழமை அந்த இடம் வந்தபோது தொண்டையிலிருந்து வேறு யாரோ கத்தினார்கள். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். கொத்தமல்லி காய்ச்சிக் கொடுத்தார்கள்.

மாதக் குளியலும் நின்றது. உள்ளதைச் சொன்னால் எனக்கு அதில் சந்தோஷம்தான். அட்டைக் கடி மிச்சம், மாதம் முழுக்க நல்ல ரோட்டில் ஓடலாம். அண்ணனிடம் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, "கடுமையா ஓடுற புள்ளைங்களுக்கு அப்படித்தான் நிக்கும், பயப்படாத" என்றார். அவருக்கும் அவ்வளவுதான் தெரியும் என்று இப்போது நினைக்கிறேன்.

வேறு யாருக்கும் தெரியாது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். கடைசிக் காம்பரா வாசற்படியை மறந்துவிட்டேன்.

ஒரு நாள் மலையிலிருந்து வந்த அம்மா கூடையைக்கூட இறக்கவில்லை. கதவைச் சாத்தினாள்.

"எத்தன மாசமா குளிக்கல?"

"மூணு மாசமா" என்றேன், வெகுளியாக.

"எவன்?"

"எவனுமில்லம்மா."

அறைந்தாள். வாழ்க்கையில் முதல் தடவை. பிறகு கூடையோடு தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. அத்தை அம்மாவைப் பீலியில் தனியாகக் கூப்பிட்டு, "ஒன் மக மூணு மாசமா ஒரு நாளு கூட கீழ் ரோட்டுல ஓடல. நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். வயிறு தெரியறதுக்குள்ள ஏதாவது பாரு" என்றிருக்கிறார். தனியாகக் கூப்பிட்டது உண்மை. ஆனால் அத்தையின் குரலுக்குத் தனி என்பது கிடையாது. துணி துவைத்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள்.

நான் துள்ளினேன். அந்தக் கிழவியின் நாக்கை அறுக்கிறேன் என்று அந்தத் தடித்த குரலில் கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். "நாளைக்கு கிளினிக். வர்ற. அவ்வளவுதான்."

எங்கள் தோட்டத்துக்கு வாரம் ஒரு தரம் மிட்வைஃப் அம்மா வருவார். கண்டிப் பக்கத்துச் சிங்களத்து அம்மா, ஆனால் எங்கள் பேச்சை எங்களைப் போலவே பேசுவார். கிளினிக் வாங்குப் பலகையில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில், மாவட்டச் சாம்பியன் என்று முதுகில் எழுதிய சட்டையோடு நான். எல்லாரும் என் வயிற்றைத்தான் பார்த்தார்கள். செத்துப்போகலாம் போல இருந்தது.

மிட்வைஃப் அம்மா சோதித்துப் பார்த்தார். வயிற்றில் ஒன்றுமில்லை. அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்து, எழுந்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க. இன்னும் முடியல" என்றார் மிட்வைஃப் அம்மா.

என்னை ஜன்னல் பக்கம் திருப்பினார். தாடையைப் பார்த்தார். கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். பேரைச் சொல்லச் சொன்னார், என் குரலைக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"கண்ணு மஞ்சளா இருக்கு. இந்தக் குரல் எப்ப இருந்து? என்ன மருந்து எடுக்கிற?"

"வைட்டமின்தான்."

"எங்க, காட்டு."

உறை என் காற்சட்டைப் பையிலேயே இருந்தது. அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "பேரில்லாத மாத்திரைய வைட்டமின்னு யாரு சொன்னது?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல், "வேற யாரும் இதப் போட்டீங்களா?" என்று கேட்டார்.

அம்மா மெதுவாகக் கையைத் தூக்கினாள், வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை தூக்குவது மாதிரி. அதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

அன்றைக்கே எங்களோடு பஸ்ஸில் ஏறி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாங்கில் காத்திருந்த மற்றப் பெண்களுக்கு வேறு நாள் சொல்லிவிட்டு வந்தார். அது அவருடைய வேலையில் இல்லாத வேலை. அந்தப் புண்ணியவதி எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். ஒன்பது நாள் வார்டில் இருந்தேன். ரத்தம் எடுத்தார்கள், வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். ஈரல் வீங்கியிருந்தது. டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அது ஆண்களின் உடம்பில் ஊறுகிற சுரப்பைப் போலச் செய்த மருந்து. தசையை வளர்க்கும், கூடவே பெண்ணின் மாதத்தை நிறுத்தும், குரல் நாணைத் தடிப்பாக்கும், ஈரலைக் கெடுக்கும், இதயத்தையும் விடாது. தொடர்ந்து போட்டிருந்தால் ஈரல் எந்த நிலைக்குப் போயிருக்கும் என்று சொல்லத் தனக்கே பயமாக இருக்கிறது என்றார். மாதம் திரும்பி வரும், குரல் திரும்பாமல் போகலாம் என்றார். அம்மா போட்டது கொஞ்சம்தான், அவளுக்கு ஒன்றுமில்லை. போட்டியில் சோதித்திருந்தால் அதுவரை ஓடிய ஓட்டத்துக்கும் கெட்ட பெயர் வந்து, பல வருடம் மைதானப் பக்கமே போக முடியாமல் ஆகியிருக்கும் என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

"நல்ல நேரத்துல நிப்பாட்டியாச்சு. யாரு கண்டுபிடிச்சது?" என்று டாக்டர் கேட்டார்.

மிட்வைஃப் அம்மா, "நான் இல்ல டாக்டர். இவங்க வந்தது வேற சந்தேகத்துக்கு" என்று அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள்.

தேர்வு ஓட்டம் நடந்த நாளில் நான் கட்டிலில் படுத்துக்கொண்டு பப்பாளிப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அழுதேனா என்றால் அழுதேன்.

லயத்துக்குத் திரும்பியதும் அம்மா ஒரு காரியம் செய்தாள். எனக்கு மஞ்சக்காமாலை என்று எல்லாரிடமும் சொன்னாள். பிறகு நேராகப் பீலிக்குப் போய், கூட்டம் சேரட்டும் என்று காத்திருந்து, அத்தையைப் பிடித்துக்கொண்டாள். "எம் மக வயித்துல ஒண்ணுமில்லன்னு கிளினிக்கிலயே சொல்லியாச்சு. வயசுப் புள்ள மேல பழி போட்ட ஒன் வாயி அழுகிப் போகும். இனி எந்த வீட்டுக் கதைய நீ சொன்னாலும் நம்புறவ ஒரு பொம்பள இல்ல." இன்னும் என்னென்னவோ. நான் வீட்டுக்குள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நன்றாக வேண்டும் என்று நினைத்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அம்மாவுக்கு உண்மை தெரியும். தெரிந்துதான் பேசினாள். மாத்திரை விஷயம் வெளியே வந்தால் நான் ஜெயித்ததெல்லாம் கள்ள ஜெயம் என்பார்கள், இப்படி ஆன பிள்ளையை யார் கட்டுவான் என்பார்கள். ஒரு பழியைத் துடைக்க இன்னொருத்தியின் தலையில் அதைக் கொட்டினாள். லயம் முழுக்க அம்மா பக்கம் நின்றது. அத்தையின் மருமகளே அவரை ஏசினாள். அதற்குப் பிறகு அத்தை வாய் திறந்தாலே, "ஆமா, நீங்க சொன்னா சரிதான்" என்று சிரிப்பார்கள். கொஞ்ச நாளில் அவர் பீலிக்கு வருவதை நிறுத்தினார். அப்புறம் காலையில் அந்தக் கதவும் திறக்கவில்லை.

ஏழு மாதம் கழித்து எனக்கு மாதம் திரும்பியது. மழை தூறிக்கொண்டிருந்த விடியற்காலை. மெதுவாக ஓடலாம் என்று டாக்டர் அனுமதித்திருந்தார். கீழ் ரோட்டில் இறங்கினேன். அட்டை ஏறியது, கால் வழுக்கியது, சேற்றில் விழுந்தேன், விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதேன். எழுந்து திரும்பிப் பார்த்தபோது லயத்துக் கடைசிக் கதவு சாத்தியிருந்தது. மூன்று மாதம் எண்ணியவருக்கு அந்த ஒரு நாளைக் காட்ட முடியவில்லை. அப்போதே போய்க் கதவைத் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

பிறகு நாட்கள் போயின. பயிற்சிக் கல்லூரிக்குப் போய் விளையாட்டு டீச்சர் ஆனேன். அம்மாவின் ஆசைப்படி கூடை என் தலையில் ஏறவில்லை. நல்ல மனிதர் ஒருவர் இந்தக் குரலோடு என்னைக் கட்டிக்கொண்டார். போனில் பேசும்போது பயமாக இருக்கிறது, நேரில் பரவாயில்லை என்பார். அதே தோட்டத்தில், லயத்துக்குக் கொஞ்சம் மேலே, தனி வீடு கட்டிக்கொண்டு அம்மாவோடு இருக்கிறோம். மாத்திரை கொடுத்த அண்ணனுக்கு நாற்பது வயதிலேயே நெஞ்சுவலி வந்தது. பிழைத்துக்கொண்டார். ஜிம்மை மூடிவிட்டு இப்போது பேக்கரி வைத்திருக்கிறார். என்னைக் கண்டால் எழுந்து நின்று, "மன்னிச்சிரு தங்கச்சி" என்பார். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. தானும் தின்றதைத்தான் எனக்குக் கொடுத்தார்.

என்னிடம் ஓடுகிற பெண்பிள்ளைகளிடம் நான் எதையும் சுற்றி வளைப்பதில்லை. "இந்த மாசம் வந்துச்சா? என்ன சாப்பிடுற? பையில என்ன இருக்கு?" எல்லாம் நேருக்கு நேர். அவர்களுக்கு முதலில் வெட்கம், பிறகு பழகிவிட்டது. கோயில் வாசலில் எந்த நாளிலும் ஓட விடுகிறேன். நானும் ஓடுகிறேன். ஆத்தா இதுவரை ஒன்றும் சொல்லவில்லை, தர்மகர்த்தாதான் சொல்லிப் பார்த்தார்.

போன வருடம் ஒரு பயிற்சி முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். மிஸ்ஸின் குரல் ஏன் இப்படி என்று ஒரு பிள்ளை கேட்டாள். முழுக்கச் சொன்னேன், அத்தை எண்ணியது, அறை வாங்கியது, கிளினிக் எல்லாம். மாத்திரை வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன், அது புரிந்தது. ஆனால் ஒருத்தி கேட்டாள்:

"அந்த அத்தைக்கு நீங்க என்ன சொன்னீங்க மிஸ்?"

தண்ணி குடிக்கிற சாக்கில் எழுந்து போனேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பிஸ்கட் பெட்டியை வாங்கிக்கொண்டு கடைசிக் காம்பராவின் கதவைத் தட்டினேன். அத்தை நன்றாக மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் பயந்துவிட்டார். "நான் ஒண்ணும் சொல்லலியே புள்ள" என்றார், எடுத்த எடுப்பில். அந்த வார்த்தை என்னைக் கொன்றது.

தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். நீங்கள் எண்ணாவிட்டால் கிளினிக் இல்லை, கிளினிக் இல்லாவிட்டால் நான் இல்லை என்றேன். அவர் பிஸ்கட் பெட்டியின் நூலை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

"அப்ப நீ குளிக்காம இருந்தது நெசந்தான?"

"நெசந்தான் அத்தை."

"நான் எண்ணினது தப்பில்ல."

"ஒரு நாளு கூட தப்பில்ல."

"ஒங்கம்மாவுக்கு இது எப்பத் தெரியும்?"

பொய் சொல்ல ஒரு கணம் ஆசை வந்தது. "அன்னைக்கே தெரியும்" என்றேன். அத்தை கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் பழைய குரல்.

"எம் புள்ளையா இருந்தா நானும் அப்படித்தான் ஏசியிருப்பேன். ஆனா ஒரு தரம் வந்து காதுல சொல்லியிருக்கலாமேடி. யாருக்கும் சொல்லாம இருந்திருப்பேன்ல?"

"நீங்களா அத்தை?" என்றேன், என்னை அறியாமல்.

முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து அழுதோம். அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தேன். தடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமோ என்று விட்டுவிட்டேன். மறுநாள் மத்தியானம், வீட்டில் குழாய் இருக்கும்போதே, துவைப்பதற்கு ஒரு துணியும் இல்லாமல், பீலிக்கு இறங்கிப் போனாள். கூட்டம் சேரும்வரை காத்திருந்தாள். பதினாறு வருடத்துக்கு முன்னால் நின்ற அதே இடம். "அன்னைக்கு நான் கடைசிக் காம்பராக்காரிய ஏசினது தப்பு. எம் மக மாத்திரை போட்டு ஈரல் வீங்கிக் கெடந்தா. அவ பாத்து சொல்லித்தான் பொழச்சா. பொய்க்காரி நாந்தான்" என்று கடைசிக் காம்பராவுக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, ஏறி வந்து, ஒன்றுமே நடக்காதது போல எனக்குச் சோறு போட்டாள். அவளை அவ்வளவு பிடித்தது எனக்கு.

அதற்கடுத்த காலையில் பிள்ளைகளோடு ஓடி வந்தபோது கதவு திறந்திருந்தது. வாசற்படியில் சாக்கு, சாக்கின் மேல் அத்தை, கையில் தேத்தண்ணி. நாங்கள் கோயில் ரோட்டில் திரும்புவதை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். நான் கடைசியாகப் போனேன்.

"ஏண்டி, நீங்க யாரும் இப்ப கீழ் ரோட்டுல ஓடுறதே இல்லையா? நான் எப்படி எண்ணுறது?" என்றார்.

அடுத்தவரின் மாதக் கணக்கை வைத்திருப்பது நல்ல பழக்கம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கோயில் வாசலைக் கடக்கக் கூடாது என்கிற வழக்கத்திலும் எனக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் அந்த மாதம் என் நாள் வந்தபோது, பிள்ளைகளை மேல் ரோட்டில் அனுப்பிவிட்டு, நான் மட்டும் கீழ் ரோட்டில் இறங்கினேன். நாலு நாளும் இறங்கினேன். அட்டை கடித்தது. அத்தை வாசற்படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு நாளும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.